மூக்குமூடி கழுவிய காலம்

எங்கள் வீட்டுக்காரர் தூங்கும்போது மூச்சு விட மறந்துவிடுவார். இப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன், கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பக்கத்தில் படுத்திருந்தவள் நான். குறட்டை படிப்படியாக ஏறி, கூரையைத் தொட்டு, சட்டென்று நிற்கும். அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது. நான் மனசுக்குள் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து. முப்பதைத் தாண்டினால் முழங்கையால் விலாவில் ஒரு இடி. ஹக்கென்று ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அவருக்கு எதுவும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து, "விலாவெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல கீதும்மா" என்பார். இல்லாமல் எப்படி இருக்கும்?

அப்போது நாங்கள் லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி. அரக்கோணத்திலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே ஹைதராபாத் வந்து சேர்ந்த குடும்பம். அவர் ஒர்க்‌ஷாப்பில் வேக்குவம் பிரேக் ஃபிட்டர். நான் ஒரு அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் ஒயரிங் செக்‌ஷன். அவர் வேலை கிரீஸும் கரியும். என் வேலையில் ஒரு கடுகளவு பாகத்தை வெறும் விரலால் தொட்டாலும் சூப்பர்வைசர் வள்ளென்று விழுவார். ஸ்பிரிட்டில் துடைத்து, இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். ஒரே வீட்டில் இரண்டு விதமான சுத்தம் குடித்தனம் நடத்தியது. சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். பஸ்ஸில் தூங்குவார், கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் தூங்குவார், ஒருமுறை சலூன் நாற்காலியில் பாதி மீசையோடு தூங்கினார். நானும் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில், ஒரு ரயில் பெட்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று அவர் சிநேகிதர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் யாரோ குனிந்து பார்த்திருக்கிறார். பார்க்காமல் இருந்திருந்தால் என்று நினைத்ததும் எனக்குக் கேலி எல்லாம் வற்றிப்போனது.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு இளம் டாக்டர், நான் முப்பது எண்ணும் கதையைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை யாரும் அந்தக் கதையை முழுசாகக் கேட்டதில்லை. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை மூடிவிடுகிறது, மூளை பதறி அவரை எழுப்புகிறது, ஒரு இரவில் நூறு முறைகூட நடக்கும், இதயம் களைத்துப்போயிருக்கிறது என்றார். இப்படியே விட்டால் ஒரு நாள் தூக்கத்திலேயே, என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதியை நானே முடித்துக்கொண்டேன். காற்றைத் தள்ளி அந்த வழியைத் திறந்து வைக்க ஒரு மிஷின் வந்திருக்கிறது, ஆனால் இங்கே கிடைக்காது என்றும் சொன்னார்.

எனக்கு ஒரு தம்பி. ஆஸ்திரேலியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பழுது பார்க்கும் வேலை. கடிதம் போட்டேன். அடுத்த லீவில் வரும்போது, தையல் மிஷின் பெட்டி அளவுக்கு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டிக்குள் ஒரு காற்றாடி. அதிலிருந்து ஆறடிக்கு ஒரு நெளிநெளிக் குழாய். குழாயின் நுனியில் வளைந்த ஒரு முழங்கைத் துண்டு. அதற்கப்புறம் மூக்கை மட்டும் மூடுகிற மெத்தென்ற ஒரு கிண்ணம், தலையைச் சுற்றிக் கட்ட வார்கள். கிண்ணத்துக்கு நாங்கள் மூக்குமூடி என்று பெயர் வைத்தோம்.

அவர் அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தார். தம்பி மூக்குமூடியைக் கட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். மிஷின் ம்ம்ம் என்றது. நான், என் மகள், தம்பி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, படம் பார்க்கிறாற்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். குறட்டை வரவில்லை. மார்பு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. பழக்கதோஷத்தில் நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்குள் அடுத்த மூச்சு வந்துவிட்டது. எண்ணிக்கைக்கு வேலையே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதுக்குள்ள என்ன மருந்துடா போட்டு வச்சிருக்கான்?" என்று கேட்டேன்.

"மருந்து ஒண்ணும் இல்லக்கா. காத்துதான்."

"ஆக்சிஜனா?"

"இல்லக்கா. இந்த ரூம்ல இருக்கிற காத்து. அதையே எடுத்து மாமாவுக்குள்ள தள்ளுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! வேண்டாத கோயில் இல்லை, சாப்பிடாத லேகியம் இல்லை. கடைசியில் எங்கள் வீட்டு அறையிலேயே சும்மா கிடந்த காற்றுதான் மருந்து. அன்றைக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது தம்பி ஒரு தாளில் கழுவும் முறையெல்லாம் தமிழில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். மூக்குமூடியைத் தினமும் குழந்தை சோப்பில் கழுவவும். குழாயை வாரம் ஒரு முறை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசவும். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தவும். காற்று உள்ளே போகும் பக்கத்தில் இருக்கும் பஞ்சை வாரம் ஒரு முறை தட்டிக் கழுவவும். லீக் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும். நாம்பள்ளி ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக இன்னொன்றும் கத்திச் சொன்னான். "அக்கா, அந்த முழங்கைல மூணு பொடி ஓட்டை இருக்கு பாரு, அதுல அழுக்கு சேராம பாத்துக்க!" சரி சரி என்று கையாட்டினேன். அது தாளில் ஏறவில்லை, என் தலையோடு நின்றுவிட்டது.

கழுவுவது எனக்குக் கைவந்த வேலை. ஃபாக்டரி பஸ் பிடிப்பதற்கு முன்னால் மூக்குமூடியைக் கழுவி, குழாய்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியாமல் இருக்கக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அலசி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். மூக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை குழாயைப் பின்கட்டுக் கொடியில் நிழல் பார்த்துத் தொங்கவிடுவேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, வாஷிங் மிஷின் வாங்கிவிட்டாயா என்று இந்தியில் கேட்டாள். "ஹவ், ஆமா, எங்க வீட்டுக்காரரத் துவைக்கிற மிஷினு" என்றேன். மாதாமாதம் குழந்தை சோப்பு வாங்குவதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாற்பது வயதில் எனக்கு இந்தப் பெயர் வேறு.

அந்தப் பஞ்சுதான் என்னை அசர அடித்தது. வெள்ளைவெளேரென்று போட்டது ஒரே வாரத்தில் அடுப்புக்கரித் துணி மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் பிழிந்தால் கறுப்பாக ஒழுகும். பிறந்ததிலிருந்து இதைத்தானே எல்லாரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம், நமக்குள் எந்தப் பஞ்சு இதையெல்லாம் பிடித்து வைக்கிறதோ என்று பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். "மா, நக்கோ மா, வேணாம், அதைக் கீழ கொட்டு" என்று மகள் முகத்தைச் சுளிப்பாள். அவளுக்குத் தமிழ் பாதி, ஹைதராபாத்தின் தக்கனி உருது பாதி.

அவருக்கும் மிஷின் மேல் கொள்ளை ஆசை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த கையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு நாள் கிரீஸ் படிந்த விரலோடு நான் கழுவி வைத்த மூக்குமூடியை எடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தக் கையால இதத் தொடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? இது இன்னா உங்க பிரேக் பைப்பா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. முழங்கைத் துண்டை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"சரிம்மா. கழுவுறது உன் வேல. ஜாயின்ட்டு என் வேல. இத நான் பாத்துக்கறேன், நீ தொடாத."

அன்றிலிருந்து அந்த முழங்கையை அவரே கழுவி, அவரே மாட்டினார். தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். தம்பி கத்திச் சொன்னதை அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோபத்தில் இருந்தேன். கோபம் போனபிறகு மறந்துவிட்டேன்.

அவருடைய தொழிலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து ரயிலில், வண்டி நெடுக ஓடுகிற ஒரு குழாயிலிருந்து எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழாயில் காற்று இல்லாத வரைக்கும் சக்கரம் சுதந்திரமாக ஓடும். எங்காவது ஒரு ஊசி ஓட்டை வழியாகக் காற்று புகுந்துவிட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளும், வண்டி நடுக்காட்டில் நின்றுவிடும். இருபத்துச் சொச்சம் வருஷம் அவர் செய்த வேலை, அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பது. காதாலேயே பிடிப்பார். அவருக்கு இந்தப் பூமியில் பகையாளி என்று ஒருவன் உண்டென்றால் அவன் பெயர் லீக்.

ஒரு வாரம் அவர் தலைவலி என்றார். எழுந்திருக்கும்போதே மண்டையை இறுக்குகிறது, முகம் சிவந்து வியர்த்திருக்கிறது. பகல் தூக்கம் மறுபடி வந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண் சொருகியது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. டாக்டர் பாதியில் நிறுத்திய வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. மிஷின் கைவிட்டுவிட்டதா? அதையும் நம்பாமல் வேறு எதை நம்புவது? மறுபடி அவர் பக்கத்தில் விழித்துக் கிடந்து எண்ண ஆரம்பித்தேன். ஆனால் மூச்சு நிற்கவில்லை. மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, முன்னைவிட வேகமாக. அறையில் எப்போதும் கேட்கும் ஒரு மெல்லிய சீறல் கேட்கவில்லை என்பதைக்கூட நான் கவனித்தேன். சத்தம் குறைந்தது நல்லதுதானே என்று நினைத்தேன். புத்திசாலி!

"எல்லாம் உன் வினிகர் வாசனதான்" என்றார் அவர். "சோப்ப சரியா அலசறதில்ல. அதான் மண்டைக்கு ஏறுது."

என்னைப் பார்த்துச் சரியாகக் கழுவவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். சோப்பைப் பாதியாக்கினேன், வினிகரை நிறுத்தினேன், மூன்று தடவை அலசியதை ஆறு தடவை ஆக்கினேன். தலைவலி போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் குழாயையும் முழங்கையையும் மிஷினில் மாட்டி வைத்துவிட்டு, தூங்குவதற்கு முன்னால் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சோப்பு வாசனை வருகிறதா இல்லையா என்று நானே பார்த்துவிடுகிறேன் என்று ஒரு வீம்பு எனக்கு. கட்டிலில் உட்கார்ந்து மூக்குமூடியை என் முகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். மாசக்கணக்காக அதைக் கழுவியவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக அணிந்தேன்.

அப்பா! ஓடுகிற ரயிலின் வாசலில் நிற்கிறாற்போல, காற்று கேட்காமலே உள்ளே வந்தது. இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. தொண்டை தானாக அகன்றது. இதைத்தானா இந்த மனுஷன் தினமும் அனுபவிக்கிறார் என்று அதிசயப்பட்டேன். சோப்பு வாசனை இல்லை. வினிகர் வாசனையும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று மூச்சை வெளியே விட்டேன்.

அது வெளியே போகவில்லை. குழாய்க்குள் போய், அங்கேயே புரண்டு, அடுத்த மூச்சில் சூடாகத் திரும்பி வந்தது. பூண்டு ரசம் வாசனை. மத்தியானம் நான் சாப்பிட்ட ரசம். இன்னொரு முறை விட்டேன். இன்னும் சூடாக அதே ரசம் வந்தது. ஐந்தாறு மூச்சுக்குள் காது அடைத்து நெற்றி வியர்த்துவிட்டது. வாரை அவிழ்த்து எறிந்துவிட்டு முழங்கைத் துண்டைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். கம்பெனியே போட்டதுபோல அவ்வளவு நேர்த்தி. கொண்டை ஊசியால் நெம்பினேன். சைக்கிள் ட்யூபை வட்டமாக நறுக்கி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார். அந்தப் பதற்றத்திலும் வேலை சுத்தத்தைப் பார்த்து ஒரு கணம் அசந்துபோனேன். வளையம் உரிந்து வந்ததும் அடியில் மூன்று பொடி ஓட்டைகள். அவற்றிலிருந்து காற்று ஸ்ஸ் என்று சீறியது. நாம்பள்ளி ஸ்டேஷனும், ஜன்னலில் தம்பி முகமும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

இரண்டு குடத்தோடு அவர் உள்ளே வந்தார். வளையத்தை நீட்டினேன்.

"இது இன்னாங்க?"

"அதுவா? லீக்கு அடிச்சுதும்மா" என்றார் முகமெல்லாம் மலர்ந்து. "ஊதுபத்தி காட்டிப் பாத்தேன், பொகய சும்மா பிச்சு எறியுது. ஒண்ணு இல்ல, மூணு எடத்துல! உன் தம்பிதான் எழுதி வச்சிருக்கானே, லீக்கு பாருன்னு. இப்ப ஒரு பொட்டு சத்தம் வருதா பாரு. எப்படி நம்ம வேல?"

"அது லீக்கு இல்லீங்க. நீங்க உடற மூச்சு வெளிய போற வழி."

அவர் நம்பவில்லை. அவரை உட்காரவைத்து மூக்குமூடியைக் கட்டினேன். அந்த மூன்று ஓட்டையையும் என் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, "உடுங்க" என்றேன். விட்டார். "இழுங்க. உடுங்க. இழுங்க." அவர் கண்கள் மெதுவாக என் பக்கம் திரும்பின. விரலை எடுத்தேன். அடைபட்டிருந்ததெல்லாம் புஸ்ஸென்று போயிற்று. அவர் மூக்குமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த மூன்று ஓட்டையையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"எஞ்சினோட பொகபோக்கிய அடைச்சுட்டேனே" என்றார். "ஒரு வாரமா எம் மூச்சயே நான் தின்னுட்டு இருந்தனா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும். அந்த ஓட்டையப் பத்தி தம்பி ஸ்டேஷன்லயே சொன்னான். நான்தான் உங்ககிட்ட சொல்லல. தொடாதீங்கன்னு கத்தத் தெரிஞ்சுது, இதச் சொல்லத் தெரியல."

சொல்லிவிட்டு அழுதேன். அவரைக் கொன்றிருப்பேன் என்று தோன்றியது. என் சுத்தமும் அவர் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து ஒரு மனுஷனைக் கொன்றிருக்கும். இரண்டு பேரும் நன்றாக வேலை செய்தோம், அதுதான் கொடுமை. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அலமாரிக் கதவுத் தாளில் பென்சிலால், மூணு ஓட்டை அடைக்கக் கூடாது, என்று கொட்டைக் கொட்டையாக எழுதிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"தூங்க பயமா கீதும்மா" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயால் பயம் என்று நான் கேட்டதில்லை. பயம் எப்போதும் என் பங்காகவே இருந்தது.

"படுங்க. நான் இருக்கேன்."

கட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். பக்கத்தில் சாய்ந்து என் உள்ளங்கையை அந்த மூன்று ஓட்டைக்கு எதிரே வைத்தேன். மிஷின் காற்று ஜில்லென்று சீறிக்கொண்டே இருந்தது. அதன் நடுவே, இதமான சூட்டோடு ஒரு தள்ளல். பிறகு ஜில்லிப்பு. மறுபடி சூடு. அந்தச் சூடு அவர். வருஷக்கணக்காகக் காதால் மட்டுமே தேடிய அவர் மூச்சு, வேலை முடித்து வெளியே வந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடவுளே, இவ்வளவு சின்ன வாசல் வழியாகவா ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்று மலைத்துப்போய்ப் படுத்திருந்தேன். எண்ணவேண்டும் என்று தோன்றவில்லை. கை கனத்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மிஷினை அவர் நிறுத்தியிருந்தார். அவர் மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குமூடி அழுத்திய தடத்தோடு என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய கை என் மூக்குக்கு முன்னால் இருந்தது.

"இன்னாங்க?" என்றேன் திடுக்கிட்டு.

"ஒண்ணும் இல்ல" என்று கையை எடுத்துக்கொண்டார். "நீ தூங்கி நான் பாத்ததே இல்லம்மா. சத்தமே இல்லாம தூங்கினியா, பயந்துட்டேன். அதான் மூச்சு வருதான்னு பாத்துகினு இருந்தேன்."